ஸ்பானிய இறந்தகாலத் தேர்வு: பிரெதெரிதோவும் இம்பெர்ஃபெக்தோவும்

ஸ்பானிய மொழியில் கடந்துபோன ஒன்றைச் சொல்ல இரண்டு முதன்மையான வினைவடிவங்கள் உள்ளன. ஒன்று பிரெதெரிதோ, மற்றது இம்பெர்ஃபெக்தோ. 'மழை பெய்தது' என்பதை 'யோவியோ' என்றும் சொல்லலாம், 'யோவியா' என்றும் சொல்லலாம். முன்னது பிரெதெரிதோ, பின்னது இம்பெர்ஃபெக்தோ. இரண்டும் இலக்கணப்படி சரியானவை. இரண்டும் நேற்றுப் பெய்த அதே மழையைக் குறிக்க முடியும். ஆனால் வாயைத் திறக்கும்போது இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். ஸ்பானியம் கற்பவர்கள் பல ஆண்டுகள் பேசிய பிறகும் தடுமாறும் இடம் இது.

இத்தடுமாற்றத்திற்கு மொழியின் கடினத்தைவிட அதைக் கற்பிக்கும் முறையே பெரிய காரணம். பாடநூல்கள் பெரும்பாலும் நிகழ்ச்சியைப் பார்க்கச் சொல்கின்றன: அது முடிந்துவிட்டதா, எவ்வளவு நேரம் நீடித்தது, எத்தனை முறை நடந்தது. ஸ்பானியம் பேசுபவரோ தான் நிற்கும் இடத்தைப் பார்க்கிறார். நிகழ்ச்சியின் கரைக்கு வெளியே நின்று அதை முழுதாகப் பார்த்தால் பிரெதெரிதோ. அதன் நடுவே நின்று, தொடக்கத்தையும் முடிவையும் கணக்கில் எடுக்காமல் பார்த்தால் இம்பெர்ஃபெக்தோ. நிகழ்ச்சி ஒன்றேதான், நிற்குமிடம் வேறு.

வடிவமும் பெயரும்

இரு வடிவங்களும் லத்தீனிலிருந்து நேராக வந்தவை. வடிவ அளவில் இம்பெர்ஃபெக்தோ மிக எளிது. மொழி முழுவதிலும் 'செர்', 'இர்', 'வெர்' என மூன்றே வினைகள்தான் அதில் ஒழுங்கு பிறழ்கின்றன. பிரெதெரிதோவில் ஒழுங்கற்றவை ஏராளம். 'இரு' என்ற பொருள்கொண்ட 'செர்', 'போ' என்ற பொருள்கொண்ட 'இர்' ஆகிய இரண்டுக்கும் பிரெதெரிதோ வடிவம் ஒன்றே: 'ஃபுயி' என்றால் 'நான் இருந்தேன்' என்றும் பொருள், 'நான் போனேன்' என்றும் பொருள். மாணவர்கள் வடிவங்களை மனப்பாடம் செய்வதற்கே முதல் ஆண்டின் உழைப்பைச் செலவிட்டுவிடுவதால், எதை எப்போது பயன்படுத்துவது என்பது ஒரு பக்க அட்டவணையாகச் சுருங்கிவிடுகிறது.

பெயர்களும் குழப்பத்திற்குத் துணைபோகின்றன. 1492-இல் வெளியான முதல் காஸ்தில்லிய இலக்கணத்திலேயே அந்தோனியோ தெ நெப்ரிஹா இவற்றை 'முடிந்த இறந்தகாலம்', 'முடியாத இறந்தகாலம்' என்ற பொருள்படப் பெயரிட்டார். இன்று ஸ்பெயின் அரச கழகத்தின் இலக்கணம் பிரெதெரிதோவை 'எளிய நிறைவு இறந்தகாலம்' என்ற பொருளில் அழைக்கிறது. ஸ்பெயினின் வகுப்பறைகளில் அதுவே 'இந்தெஃபினிதோ', அதாவது வரையறுக்கப்படாதது. வரையறைகளைத் தெளிவாகக் காட்டும் வடிவத்திற்கு வரையறுக்கப்படாதது என்று பெயர். தமிழில் இவற்றை நிறைவு இறந்தகாலம், நிறைவிலா இறந்தகாலம் என்று மொழிபெயர்க்கலாம். ஆனால் அப்படிச் செய்ததுமே 'நிறைவடைந்தால் முதலாவது, இல்லையேல் இரண்டாவது' என்ற பாதி உண்மையும் உடன் வந்து ஒட்டிக்கொள்ளும். 'முற்று' என்ற சொல்லையோ தமிழ் இலக்கணம் ஏற்கெனவே வேறு பொருளில் எடுத்துக்கொண்டுவிட்டது. ஆகவே மூலப்பெயர்களை அப்படியே வைத்துக்கொள்வது பாதுகாப்பானது.

பாடநூல் விதிகள்

வழக்கமான அட்டவணை ஏறத்தாழ இப்படி இருக்கும். முடிந்த செயலுக்குப் பிரெதெரிதோ. தொடர்ந்த செயலுக்கும் வழக்கமான செயலுக்கும் வருணனைக்கும் இம்பெர்ஃபெக்தோ. 'நேற்று', 'போன வாரம்', 'ஒருமுறை' என்ற சொற்களைக் கண்டால் முன்னது. 'எப்போதும்', 'தினமும்', 'அப்போதெல்லாம்' என்ற சொற்களைக் கண்டால் பின்னது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஸ்பானியம் கற்பிப்போருக்கு நன்கு தெரிந்த 'ஹிஸ்பானியா' ஆய்விதழில் 1995-இல் டயானா ஃப்ரான்ட்சென் எழுதிய கட்டுரை, இத்தகைய விதிகளைத் தலைப்பிலேயே 'பாதி உண்மைகள்' என்று அழைத்தது. அதன் பிறகும் அட்டவணைகள் மறைந்துவிடவில்லை.

இவ்விதிகளை ஒவ்வொன்றாக உடைத்துப் பார்ப்பது கடினமல்ல. நீண்ட காலம் நடந்தவை இம்பெர்ஃபெக்தோவில் வரவேண்டும் என்றால், ஒருவர் மாத்ரித்தில் முப்பது ஆண்டுகள் வாழ்ந்ததைச் சொல்லும் 'விவியோ' ஏன் பிரெதெரிதோவில் இருக்கிறது? ஆண்டுக்கணக்கைச் சொன்ன மறுகணமே பேசுபவர் கரைக்கு வெளியே வந்துவிட்டார். முப்பதும் அவர் கையில் ஒரு மூட்டையாகிவிட்டது. கப்ரியேல் கார்சியா மார்க்கேஸின் 'தனிமையின் நூறு ஆண்டுகள்' நாவலில் மக்கோந்தோ ஊரின்மேல் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் ஓயாமல் மழை பெய்கிறது. உலகப் புனைவிலேயே மிக நீண்ட மழைகளில் ஒன்று அது. அதை அறிவிக்கும் வினை பிரெதெரிதோவில்தான் உள்ளது. ஆண்டு, மாதம், நாள் என்று அளந்து சொன்ன மழை அது.

அடையாளச் சொற்களின் நிலையும் இதுவே. 'அந்தக் கோடையில் தினமும் கடற்கரைக்குப் போனேன்' என்பதற்குப் பிரெதெரிதோ இயல்பாகப் பொருந்தும். 'தினமும்' இருந்தாலும், அந்தக் கோடை மூடப்பட்ட ஒரு பெட்டி. 'நேற்று மூன்று மணிக்குத் தூங்கிக்கொண்டிருந்தேன்' என்பதில் 'நேற்று' இருந்தும் இம்பெர்ஃபெக்தோ வரும். 'அவன் எப்போதும் மருத்துவராகவே விரும்பினான்' என்பதை இரண்டிலும் சொல்லலாம். பிரெதெரிதோவில் சொன்னால் ஒரு வாழ்க்கையின் கணக்கு முடிக்கப்படுகிறது. இம்பெர்ஃபெக்தோவில் சொன்னால் அந்த விருப்பம் இருந்த நாட்களுக்குள் கேட்பவர் இழுத்துச் செல்லப்படுகிறார்.

சில விதிகள் உண்மையிலேயே நம்பத்தக்கவை. 'அப்போது மணி மூன்று' என்று கடிகார நேரத்தைச் சொல்வதற்கு இம்பெர்ஃபெக்தோ; அதில் மாற்று அநேகமாக இல்லை. ஒரு நிகழ்ச்சியின்போது ஒருவருக்கு இருந்த வயதைச் சொல்வதும் அப்படியே. ஆனால் இவையும் தனி விதிகள் என்று கொள்ளத் தேவையில்லை. மணியும் வயதும் வேறொன்று நடந்தபோது இருந்த நிலைகளாகவே கதைகளில் நுழைகின்றன.

'முடிந்தது' என்ற சொல்தான் எல்லாவற்றிலும் அதிகமாக ஏமாற்றுகிறது. இறந்துபோன ஒருவரைப் பற்றி அவர் வீட்டு வாசலில் கூடியிருப்பவர்கள் 'நல்ல மனிதர்' என்று சொல்வதாகக் கொள்வோம். ஒருவர் 'ஏரா' என்பார், அது இம்பெர்ஃபெக்தோ. இன்னொருவர் 'ஃபுயே' என்பார், அது பிரெதெரிதோ. இறந்தவரின் வாழ்க்கை இருவருக்கும் ஒன்றுபோல முடிந்துவிட்டது. 'ஏரா' என்றவர் அவருடன் தேநீர் குடித்த மாலைகளுக்குள் இன்னும் இருக்கிறார். 'ஃபுயே' என்றவர் பிறப்பு முதல் இறப்பு வரை மொத்தமாகப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறார். இரங்கல் உரைகளில் 'ஃபுயே' கூடுதலாகக் கேட்பதற்கும், சமையலறைப் பேச்சில் 'ஏரா' கூடுதலாகக் கேட்பதற்கும் இதுவே காரணம். கோடிட்ட இடத்தை நிரப்பும் தேர்வுத்தாளில் இந்த வாக்கியத்தைக் கொடுத்து ஒரே விடையைச் சரி என்று குறித்தால், மொழியை உணர்ந்து எழுதிய மாணவரின் மதிப்பெண்தான் பறிபோகும். தனி வாக்கியங்களைக் கொண்டு இத்தேர்வைச் சோதிப்பது அடிப்படையிலேயே பிழையானது. சூழல் இல்லாத வாக்கியத்தில் நிற்குமிடம் என்று ஒன்று கிடையாது.

பிழையான தேர்வு எல்லா நேரமும் அழகியல் சிக்கலாக மட்டும் நின்றுவிடாது. 'சே முரியோ' என்றால் பாட்டி இறந்துவிட்டாள். 'சே மொரியா' என்றால் பாட்டி இறந்துகொண்டிருந்தாள், பிழைத்திருக்கவும் கூடும். விபத்தைப் பார்த்த ஒருவர் முதியவர் சாலையைக் 'குரூசோ' என்று சொன்னால் அவர் மறுபக்கம் போய்ச் சேர்ந்துவிட்டார். 'குரூசாபா' என்றால் அவர் நடுச்சாலையில் இருக்கிறார். மறுபக்கம் போனாரா என்பதை வினை சொல்லாது. ஓர் உயிரெழுத்துதான் வேறுபாடு என்று தோன்றலாம். வாக்குமூலம் அந்த எழுத்தில் நிற்கிறது.

'பொருள் மாறும்' வினைகள்

பாடநூல்களில் இன்னொரு பட்டியலும் தவறாமல் வரும். சில வினைகள் பிரெதெரிதோவில் பொருள் மாறிவிடும் என்று அது சொல்கிறது. 'சபேர்' என்றால் அறிந்திருத்தல். அதன் பிரெதெரிதோ 'சூபே' என்றால் 'தெரியவந்தது'. 'கொனோசேர்' என்றால் ஒருவரை அறிந்திருத்தல். பிரெதெரிதோவில் 'முதன்முதலாகச் சந்தித்தேன்'. 'போதேர்' என்றால் இயலுதல். பிரெதெரிதோவில் 'செய்து முடித்தேன்'. 'கெரேர்' என்ற வினையை எதிர்மறையில் பிரெதெரிதோவாகச் சொன்னால் 'மறுத்துவிட்டான்'.

வினைகள் பொருள் மாறவில்லை. ஆங்கிலத்தில் இவற்றை மொழிபெயர்க்க வேறு வேறு சொற்கள் தேவைப்படுவதால் அப்படித் தோன்றுகிறது, அவ்வளவே. அறிந்திருத்தல் என்பது ஒரு நிலை. அந்த நிலையை வெளியே நின்று பார்த்தால் அதன் தொடக்க விளிம்பு தெரியும். தெரியாதிருந்த ஒருவர் தெரிந்தவராக மாறிய கணம் அது. பிரெதெரிதோ அந்த விளிம்பைத் தொடுகிறது. ஸ்பானிய மாணவருக்கு ஐந்தாறு விதிவிலக்குகளாகக் கொடுக்கப்படும் இது, மொழியின் பொது இயக்கமே.

தமிழ் பேசுபவருக்கு இதைப் புரிந்துகொள்ள ஆங்கிலத்தின் வழியாகப் போகவேண்டிய தேவை இல்லை. 'அப்போதே எனக்குத் தெரியும்' என்பதற்கும் 'அப்போதுதான் எனக்குத் தெரிந்தது' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை எந்தத் தமிழ்க் குழந்தைக்கும் யாரும் கற்பிப்பதில்லை. முன்னது இறந்தகாலத்தைப் பற்றியது என்றாலும் இறந்தகால வடிவத்தை எடுப்பதில்லை. பின்னது ஒரு கணத்தைக் குறிக்கிறது. 'சபியா', 'சூபே' என்ற இரு வடிவங்களுக்கு இவை அநேகமாக நேரிணைகள். 'பூட்டைத் திறக்க அவனால் முடியும்', 'பூட்டைத் திறக்க அவனால் முடிந்தது' ஆகியவையும் அப்படியே. இரண்டாவதில் பூட்டு திறந்துவிட்டது. 'தெரி' என்ற வினை பொருள் மாறிவிட்டது என்று எந்தத் தமிழ் இலக்கணமும் பட்டியலிடுவதில்லை.

பெல்லோவின் விளக்கம்

இத்தேர்வைப் பற்றிய மிகத் தெளிவான சிந்தனை ஸ்பெயினில் பிறக்கவில்லை. காரகாசில் 1781-இல் பிறந்து, லண்டனில் வறுமையில் பல ஆண்டுகள் கழித்து, பிறகு சிலி நாட்டில் குடியேறி அதன் பல்கலைக்கழகத்தின் முதல் தலைவரான ஆந்திரேஸ் பெல்லோ, 1841-இல் காஸ்தில்லிய வினைக்காலங்கள் பற்றித் தனி நூல் ஒன்றை வெளியிட்டார். 1847-இல் அமெரிக்க நாட்டவரின் பயன்பாட்டுக்கென்றே தலைப்பிட்ட தன் இலக்கணத்தை வெளியிட்டார். லத்தீன் இலக்கணத்தின் பெயர்களை ஒதுக்கிவிட்டு அவர் புதிய பெயர்களைச் சூட்டினார். பிரெதெரிதோவை அப்படியே விட்டு, இம்பெர்ஃபெக்தோவுக்குக் 'கோப்ரெதெரிதோ' என்று பெயரிட்டார். இதைத் தமிழில் 'உடனிகழ் இறந்தகாலம்' எனலாம். மெக்சிகோவின் பள்ளிகளில் இப்பெயர் இன்றும் வழங்குகிறது.

பெயர் மாற்றம் மட்டுமே அல்ல இது. இம்பெர்ஃபெக்தோ முடிந்ததா முடியவில்லையா என்ற கேள்வியையே பெல்லோ தள்ளிவைத்தார். கடந்தகாலத்தில் ஒரு புள்ளி உண்டு. இம்பெர்ஃபெக்தோ அந்தப் புள்ளியோடு உடனிருந்ததைச் சொல்கிறது. 'நீ கதவைத் தட்டியபோது நான் குளித்துக்கொண்டிருந்தேன்' என்றால், தட்டல் அந்தப் புள்ளி. குளியல் அதற்கு முன்னும் இருந்தது. பின்னும் நீண்டிருக்கலாம், நின்றும் போயிருக்கலாம். புள்ளி இல்லாமல் இம்பெர்ஃபெக்தோ நிற்காது. ஸ்பானிய மாணவர் ஒருவர் திடீரென்று 'மழை பெய்துகொண்டிருந்தது' என்ற பொருளில் 'யோவியா' என்று மட்டும் சொல்லி நிறுத்தினால், கேட்பவர் 'எப்போது? பிறகு என்ன ஆயிற்று?' என்று காத்திருப்பார். 'யோவியோ' என்றால் அப்படிக் காத்திருக்க ஒன்றுமில்லை; செய்தி முடிந்தது.

பொருள்தன்மை பற்றிய இருபதாம் நூற்றாண்டு மொழியியல், குறிப்பாக 1976-இல் வெளியான பெர்னார்ட் காம்ரியின் நூல், நிகழ்ச்சியை வெளியிலிருந்து முழுமையாகப் பார்ப்பது, உள்ளிருந்து பார்ப்பது என்ற வேறுபாட்டைப் பல மொழிகளுக்கும் பொதுவாக நிறுவியது. பெல்லோவின் விளக்கம் அதற்கு நூறாண்டுக்கும் மேல் முந்தியது. வகுப்பறைக்கு இவ்விரண்டில் பெல்லோவே கூடுதலாகப் பயன்படுகிறார். 'உள்ளிருந்து பார்' என்று மாணவரிடம் சொன்னால் அவர் விழிப்பார். 'இது எதனோடு உடனிருந்தது?' என்று கேட்டால் அவரால் விடை தேட முடியும்.

இருந்தாலும் பெல்லோவின் சட்டகத்துக்கும் கரைகள் உண்டு. கடையில் ஒருவர் 'ஒரு காப்பி வேண்டும்' என்பதற்குப் பணிவாகக் 'கேரியா' என்று இம்பெர்ஃபெக்தோவில் கேட்பார். அது கடந்தகாலமே அல்ல. குழந்தைகள் விளையாட்டைத் தொடங்கும்போது 'நான் ராணி, நீ திருடன்' என்பதை இம்பெர்ஃபெக்தோவில்தான் பங்கிடுகின்றன. காலங்கள் உருவகமாகவும் வழங்கும் என்று பெல்லோ இத்தகையவற்றுக்குத் தனி இடம் கொடுத்தார். அது விளக்கத்தைவிட ஒதுக்கீடாகவே படுகிறது. பேசுபவர் தன்னைச் சற்றுத் தள்ளி நிறுத்திக்கொள்கிறார் என்று சொன்னால் இரண்டும் ஓரளவு பிடிபடும். விருப்பத்தைத் தள்ளிவைத்தால் பணிவு. உலகத்தையே தள்ளிவைத்தால் விளையாட்டு.

முன்னணி, பின்னணி

ஜெர்மானிய மொழியியலாளர் ஹரால்ட் வைன்ரிஹ் 1964-இல் வெளியிட்ட நூலில், கதைசொல்லலில் ஒரு வகை இறந்தகாலம் முன்னணியையும் மற்றொரு வகை பின்னணியையும் தாங்குகிறது என்று வாதிட்டார். கதையை நகர்த்துவது பிரெதெரிதோ, காட்சியை விரிப்பது இம்பெர்ஃபெக்தோ. ஆசிரியர்களிடையே இது செல்வாக்குப் பெற்றதில் வியப்பில்லை. படம் வரைந்து காட்ட முடிகிற கோட்பாடு இது.

சிக்கல் என்னவென்றால், எது முன்னணி என்று கேட்டால் பிரெதெரிதோவில் இருப்பது என்றும், எது பிரெதெரிதோவில் வரும் என்று கேட்டால் முன்னணியில் இருப்பது என்றும் வட்டம் சுற்றிவிடுகிறது. மேலும் ஸ்பானிய நாளிதழ்கள் இதற்கு நேர்மாறாகவும் நடந்துகொள்கின்றன. 2010 உலகக்கோப்பை இறுதியாட்டத்தின் 116-ஆம் நிமிடத்தில் இனியெஸ்தா அடித்த கோலைவிட முன்னணியான, நொடியில் முடிந்த நிகழ்ச்சி ஸ்பெயினின் கால்பந்தில் இல்லை. அதை விளையாட்டு எழுத்தாளர் 'மார்காபா' என்று இம்பெர்ஃபெக்தோவிலும் எழுதலாம். 1936 ஆகஸ்டில் லோர்கா சுட்டுக்கொல்லப்பட்டதை நினைவுகூரும் கட்டுரை 'மொரியா' என்று தொடங்கலாம். அங்கே அவர் இறந்துகொண்டிருக்கவில்லை; இறந்துவிட்டார். கதைசொல்லும் இம்பெர்ஃபெக்தோ என்று இலக்கணிகள் இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். மூடவேண்டிய நிகழ்ச்சியை மூடாமல் விட்டு, வாசகரை அந்த நொடிக்குள் நிறுத்துவதே இதன் வேலை. நினைவுநாள் கட்டுரைகளில் பழகித் தேய்ந்துபோன உத்தி இது. ஆனாலும் விதி மீறப்படுவதால்தான் அது வேலை செய்கிறது என்பது கவனத்துக்குரியது.

புனைவில்

ஸ்பானிய நாட்டுப்புறக் கதைகள் 'ஒரு ஊரில் ஒரு ராஜா' என்பதற்கு இணையாக 'ஆவியா' என்ற இம்பெர்ஃபெக்தோவில் தொடங்கும். முடியும்போது அவர்கள் மகிழ்ச்சியாக இருந்தார்கள், கவுதாரி உண்டார்கள் என்று பிரெதெரிதோவில் முடியும். அந்த மகிழ்ச்சி ஆயுள் முழுக்க நீடித்தது என்பதுதான் கதையின் பொருள். இருந்தும் பிரெதெரிதோ, ஏனெனில் கதை சொல்பவர் எழுந்து போகிறார். ஸ்பானியக் குழந்தைகள் இத்தேர்வின் முழு இலக்கணத்தையும் இங்கேயே பெற்றுவிடுகிறார்கள் எனலாம்.

ஆகஸ்தோ மொந்தெர்ரோசோ 1959-இல் வெளியிட்ட 'தினோசாவ்ரியோ' என்ற கதை மூலத்தில் ஏழே சொற்கள் கொண்டது. அதில் இரண்டு வினைகள் உள்ளன. விழித்தெழுந்தது பிரெதெரிதோவில், டைனோசார் இன்னும் அங்கே இருந்தது இம்பெர்ஃபெக்தோவில். யார் விழித்தார் என்று கதை சொல்வதில்லை. விழிப்பு ஒரு புள்ளி. டைனோசார் அந்தப் புள்ளிக்கு முன்பே இருந்தது, பின்னும் இருக்கக்கூடும். இரண்டாம் வினையைப் பிரெதெரிதோவாக மாற்றினால் டைனோசார் சிறிது நேரம் இருந்துவிட்டுப் போய்விடும். அச்சமும் அதனோடு போய்விடும். பெல்லோவின் உடனிகழ் காலத்துக்கு இதைவிடச் சிறிய எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

கார்சியா மார்க்கேஸ் 1981-இல் வெளியிட்ட, முன்னறிவிக்கப்பட்ட மரணமொன்றின் கதையான குறுநாவலின் முதல் வாக்கியம் இந்த இரண்டையும் கத்திபோலப் பயன்படுத்துகிறது. சந்தியாகோ நாசார் அதிகாலையில் எழுந்தது பிரெதெரிதோவில் உள்ளது. அவனை அன்று கொல்லப்போவது 'இபான்' என்ற இம்பெர்ஃபெக்தோவில் உள்ளது. கொலை என்றோ முடிந்துவிட்டது. கதைசொல்லி ஆண்டுகள் கழித்துத்தான் அதை விசாரிக்கிறார். ஆனால் இலக்கணப்படி அது இன்னும் நடக்கவில்லை. விகாரியோ சகோதரர்கள் தாங்கள் செய்யப்போவதை ஊரெங்கும் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். யாராவது தடுத்துவிடுவார்கள் என்றே எதிர்பார்க்கிறார்கள் என்று கூடத் தோன்றும். பக்கம் பக்கமாக யாரும் தடுப்பதில்லை. தடுத்திருக்க முடியும் என்ற வாய்ப்பை நாவலின் இறுதிவரை திறந்துவைத்திருப்பது அந்த ஒரு வினைவடிவம். அதைப் பிரெதெரிதோவாக்கினால் 'கொல்லப் போனார்கள்' என்று ஒரு நடை மட்டும் மிஞ்சும். ஊரின் குற்றம் காணாமல் போய்விடும்.

தமிழ் மொழியாக்கத்தில்

தமிழின் இறந்தகாலம் இவ்வேறுபாட்டை வினைமுற்றின் விகுதியில் வைப்பதில்லை. 'பெய்தது' இரண்டுக்கும் பொது. தேவைப்படும்போது 'பெய்துகொண்டிருந்தது', 'பெய்துவிட்டது' என்று துணைவினைகள் அதைச் செய்கின்றன. வழக்கமாக நடந்ததைச் சொல்லத் தமிழ் வேறொரு வழியையும் வைத்திருக்கிறது. 'சிறுவயதில் தாத்தா தினமும் ஆற்றுக்குப் போவார், வரும்போது கீரை பறித்து வருவார்' என்பதில் உள்ள வினைகள் எதிர்கால வடிவம் கொண்டவை, பொருளோ கடந்தகாலம். நன்னூல் காலம் பிறழ்ந்து வருவதற்கு விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என்ற காரணங்களைக் கூறுகிறது. தாத்தாவின் ஆறு இயல்பில் அடங்கும்.

ஆகவே ஸ்பானியம் கற்கும் தமிழருக்குத் தாய்மொழியிலேயே கைப்பிடிகள் உண்டு, ஆனால் அவை ஒரே இடத்தில் இல்லை. இம்பெர்ஃபெக்தோவை '-கொண்டிருந்தது' என்று மட்டும் சமன்படுத்திக்கொள்பவர் 'வீடு பெரியதாக இருந்தது', 'அவளுக்கு இரண்டு தம்பிகள்' போன்றவற்றில் சறுக்குவார். அங்கெல்லாம் ஸ்பானியத்தில் இம்பெர்ஃபெக்தோ வேண்டும், தமிழில் '-கொண்டிரு' வராது.

மொழிபெயர்ப்பாளருக்கு இச்சிக்கல் இன்னும் கூர்மையாக வரும் இடம் ஹுவான் ருல்ஃபோவின் 'பெத்ரோ பாராமோ' நாவலின் தொடக்கம். 1955-இல் வெளியான இந்நாவலில் ஹுவான் பிரெசியாதோ கோமாலா என்ற ஊருக்கு வந்த காரணத்தைச் சொல்கிறான். வந்தது பிரெதெரிதோவில் உள்ளது. தந்தை இங்கே வாழ்வதாகக் கேள்விப்பட்டது இம்பெர்ஃபெக்தோவில், 'விவியா' என்று உள்ளது. பிறர் கூற்றைத் திருப்பிச் சொல்லும்போது நிகழ்காலம் ஸ்பானியத்தில் இம்பெர்ஃபெக்தோவாக மாறுவது வழக்கம். ஆகவே 'வாழ்கிறார் என்று சொன்னார்கள்' என்று படிக்கலாம். 'முன்பு வாழ்ந்தார் என்று சொன்னார்கள்' என்றும் அதே வினையைப் படிக்கலாம். சற்று நேரத்தில் வழித்துணையாக வந்த கழுதைக்காரன் அபுந்தியோ, பெத்ரோ பாராமோ இறந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன என்கிறான். வாசகர் மெல்ல மெல்ல ஊரே இறந்தவர்களால் ஆனது என்று அறிகிறார். பாதிவழியில், முதல் வாக்கியத்தைச் சொன்னவனும் கல்லறைக்குள் இருந்துதான் சொன்னான் என்று தெரிகிறது. அதன் பிறகு திரும்பிப் பார்த்தால், வந்ததைச் சொன்ன பிரெதெரிதோ திரும்பாத பயணத்தின் வினை. 'விவியா' என்பதோ உயிரோடு இருப்பவனையும் இல்லாதவனையும் ஒரே சொல்லில் வைத்திருந்தது.

தமிழில் 'வாழ்வதாகச் சொன்னார்கள்' என்று எழுதினால் தந்தை உயிரோடு இருக்கிறார். அபுந்தியோவின் செய்தி வெறும் திருப்பமாகிவிடும். 'வாழ்ந்ததாகச் சொன்னார்கள்' என்றால் முதல் வரியிலேயே அவர் இறந்துவிட்டார். தேடிவந்தவனின் எதிர்பார்ப்பு பொருளற்றுப் போகும். 'வாழ்ந்துவந்ததாக' என்பதும் இரண்டாவதன் பக்கமே சாய்கிறது. தமிழில் இரண்டையும் திறந்துவைக்க ஒரு வழி உண்டு, அது வினைகளில் இல்லை. 'என் அப்பாவின் ஊர் இதுதான் என்று சொன்னார்கள்' என்ற வாக்கியத்தில் பெயரே பயனிலையாக நிற்பதால் காலம் ஒட்டுவதில்லை. அப்பா இருக்கிறாரா இல்லையா என்று அது சொல்லாது. அப்படி எழுதினால் ருல்ஃபோவின் வாக்கியத்திலிருந்து 'வாழ்தல்' என்ற சொல் போய்விடும். இறந்தவர்கள் மட்டுமே பேசும் நாவலில் அந்தச் சொல்லை முதல் வரியில் இழப்பதா, அந்த வடிவத்தின் இருபொருளை இழப்பதா என்பதைத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் தாமே தேர்ந்தாக வேண்டும்.